சிக்னல் வந்தால் மட்டும் ரோடு ஏன் அமுங்குகிறது?

வாசகர் கேள்வி – பதில்

கத்திரி வெயில் முடிந்த கையோடு வந்து குவிந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. மழையில் பெயர்ந்து போகிற குண்டு குழியைப் பற்றி அல்ல. சக்கரம் ஓடுகிற இரண்டு கோட்டில் மட்டும் தார் நீளவாக்கில் அமுங்கி, பக்கத்தில் மேடு தட்டிக் கிடக்கிறதே, அந்தத் தடத்தைப் பற்றி. ரட்டிங் என்று பொறியாளர்கள் சொல்வது இதைத்தான். சரி, இந்த இதழ் முழுக்க அதற்கே இருக்கட்டும் என்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டக் கடிதங்களையும் ஒன்றாக எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: சார், சிக்னல் ஓரமாக டீக்கடை வைத்திருக்கிறேன். ரோடு போட்டு ரெண்டு கோடைகூட முழுசாகத் தாண்டவில்லை, வண்டி நிற்கிற இடத்தில் விரல் ஆழத்துக்கு அமுங்கிவிட்டது. ஐம்பது மீட்டர் தள்ளிப் போனால் அதே ரோடு சமமாக இருக்கிறது. ஒரே ஆள், ஒரே தார், ஒரே ராத்திரியில் போட்டது. இங்கே மட்டும் கலப்படம் பண்ணிவிட்டார்களா?
– டீக்கடைக்காரர், சத்துவாச்சாரி

பதில்: கலப்படமே இருந்திருக்காது என்று நேரில் பார்க்காமல் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் சொல்கிற அறிகுறி வருவதற்குக் கலப்படம் தேவையே இல்லை. ஐம்பது மீட்டர் தள்ளி நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, விடையே அதில்தான் இருக்கிறது.

மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிற லாரியின் டயர், ரோட்டில் ஒரு புள்ளியின் மேல் எவ்வளவு நேரம் இருக்கும்? டயர் பதிகிற நீளம் கால் மீட்டர் என்று வைத்தால் 0.015 நொடி. அதே லாரி உங்கள் கடை முன்னால் சிவப்பு விளக்குக்கு ஒரு நிமிடம் நின்றால், அது 4,000 மடங்கு நேரம். இரும்பாக இருந்தால் இது ஒரு பொருட்டே இல்லை, தாருக்கு இதுதான் எல்லாம். தார் பாதி திடப்பொருள், பாதி திரவம். சட்டென்று மிதித்துவிட்டுப் போனால் எதிர்த்து நிற்கும், மிதித்த காலை எடுக்காமல் வைத்திருந்தால் மெல்ல நகர ஆரம்பிக்கும். சூடு ஏற ஏற அந்த நகர்வு வேகமாகும். மே மாதம் வேலூரில் காற்றே 40 டிகிரியைத் தாண்டுகிற மதியத்தில், கறுப்பாக வெயிலைக் குடித்துக்கொண்டிருக்கும் ரோட்டின் மேல்தளம் 60 டிகிரியைத் தொட்டுவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் லோடு வண்டியும் டவுன் பஸ்ஸும் பிரேக் போட்டு நிற்கின்றன. பிரேக் போடும்போது கீழ்நோக்கிய பாரம் மட்டும் இல்லை, முன்னோக்கித் தள்ளுகிற விசையும் சேர்ந்துகொள்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கு எள்ளுருண்டையை நினைத்துக்கொள்ளுங்கள். எள்ளின் இடத்தில் ஜல்லி, பாகின் இடத்தில் தார். தார்க்கலவையில் எடைக்குச் சுமார் 5 சதவீதம்தான் தார், மீதியெல்லாம் ஜல்லியும் கல்மாவும். பாகு அளவாக இருந்து எள்ளோடு எள் நெருக்கிப் பிடித்திருந்தால் உருண்டை சூட்டிலும் நிற்கும், பாகு கூடிப்போனால் விரலால் அழுத்தினாலே சப்பையாகிவிடும். ரோட்டில் பாரத்தைத் தாங்க வேண்டியது ஜல்லிகளின் பிடிமானம்தான், ஜல்லியை அதன் இடத்தில் நிறுத்தி வைப்பதே தாரின் வேலை.

டயர் ஏறும்போது ரோடு கொஞ்சம் அமுங்குகிறது. அந்த அமுக்கத்தில் ஒரு பங்கு டயர் நகர்ந்த உடனே எழும்பிவிடும். இன்னொரு பங்கு கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டு எழும்பும். மூன்றாவது ஒரு பங்கு இருக்கிறது, அது எழும்பவே எழும்பாது. ஒரு வண்டி விட்டுப்போகும் அந்த மீளாத பங்கைக் கண்ணால் பார்க்க முடியாது. ஒரு கோடி சக்கர அச்சுகள் ஓடி 20 மில்லிமீட்டர் தடம் விழுந்தது என்றால், ஓர் அச்சு சராசரியாக விட்டுப்போனது ஒரு மில்லிமீட்டரில் ஐந்து லட்சத்தில் ஒரு பங்கு. அந்தத் துளிகளுக்குக் கணக்கு எழுதுவதைத்தான் நிரந்தர உருமாற்றத்தை மாடல் செய்வது என்கிறோம். பாரம், நேரம், சூடு மூன்றையும் அந்தக் கணக்கில் எழுதாவிட்டால் விடை வராது.

உங்கள் சிக்னலில் ஒரு காரியம் செய்து பாருங்கள். வண்டிகள் நிற்பதற்காக ரோட்டுக்குக் குறுக்கே வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள் இல்லையா, அதைக் குனிந்து கவனியுங்கள். போட்டபோது நேராக இருந்த கோடு, சக்கரம் நிற்கிற இடங்களில் மட்டும் வண்டி போகும் திசையில் வளைந்திருந்தால், தளம் கீழே அமுங்கியதோடு நிற்காமல் முன்னால் நகர்ந்தும் இருக்கிறது என்று அர்த்தம். தார் தளத்தின் உள்ளேயே வழுக்கல் நடந்திருக்கிறது, அடிமண் அதற்குக் காரணம் இல்லை.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. சிக்னலுக்கு முன்னால் வண்டிகள் வரிசை கட்டும் நீளத்துக்கு மட்டும் பாலிமர் சேர்த்த தார் போடலாம், பஸ் நிறுத்தத்தில் கான்கிரீட்டே போட்டுவிடலாம். ஊர் முழுக்க ஒரே கலவையை ஒரே கனத்தில் போட்டுக்கொண்டு போவதுதான் மாற வேண்டிய பழக்கம். நிற்கிற வண்டிக்கு ஒரு ரோடு, ஓடுகிற வண்டிக்கு ஒரு ரோடு என்று யோசித்தே ஆக வேண்டும்.

கேள்வி: எதற்கெடுத்தாலும் லாரிக்காரன் ஓவர்லோடுதான் காரணம் என்கிறார்கள். அரசாங்கமே 2018-ல் அச்சு எடையைக் கூட்டித் தந்தது. நாங்கள் அதற்குள்தான் ஏற்றுகிறோம். எங்கள் மேல் பழி போடுவது நியாயமா?
– லாரி உரிமையாளர், வாலாஜாபேட்டை

பதில்: சட்டத்துக்குள் ஏற்றுகிறவர்கள் மேல் பழி போடக் கூடாது, அதில் உங்கள் பக்கம்தான் நான். ஆனால் எடை கூடினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் ஒட்டாவா ஊருக்குப் பக்கத்தில் 1958 முதல் 1960 வரை சோதனை ரோடுகள் போட்டு லாரிகளை விடாமல் ஓட்டிப் பார்த்தார்கள். சேதம் எடையின் நான்காம் படியை ஒட்டி ஏறுகிறது என்ற கணக்கு அதிலிருந்து வந்தது. 2018-ல் நான்கு டயர் ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னாக இருந்த வரம்பு 11.5 டன் ஆனது. எடை கூடியது சுமார் 13 சதவீதம், நான்காம் படிக் கணக்கில் சேதம் கூடுவது 60 சதவீதத்துக்கும் மேல். வரம்புக்கு மேல் இன்னும் 20 சதவீதம் ஏற்றினால் சேதம் இரட்டிப்பு ஆகிவிடும். பத்து வண்டியில் ஒன்று அப்படி ஓடினாலும் அதன் செலவை மீதி ஒன்பது பேரும் சேர்ந்து கட்டுகிறார்கள். அதனால் அச்சு எடை சோதனை கறாராக நடக்க வேண்டும் என்று முதலில் குரல் கொடுக்க வேண்டியவர்கள் உங்களைப் போலச் சட்டத்துக்குள் ஓட்டுகிறவர்கள்தான்.

கேள்வி: சார், நான் சிவில் இறுதியாண்டு மாணவி. தார்க்கலவையின் நிரந்தர உருமாற்றத்தை மாடல் செய்வதுதான் என் புராஜெக்ட். பர்கர்ஸ் மாடல் போதும் என்கிறார் ஒரு சீனியர். அபாகஸ் மென்பொருளில் க்ரீப் பவர் லா போட்டுவிடு என்கிறார் இன்னொருவர். விஸ்கோபிளாஸ்டிக் இல்லாவிட்டால் யாரும் மதிக்க மாட்டார்கள் என்கிறார் வேறொருவர். ஒரு செமஸ்டர்தான் கையில் இருக்கிறது. எதை எடுப்பது?
– மாணவி, காட்பாடி

பதில்: மாடலை அப்புறம் பார்க்கலாம் அம்மா, முதலில் சோதனை என்ன சொல்கிறது என்று பாருங்கள். 100 மில்லிமீட்டர் விட்டமும் 150 மில்லிமீட்டர் உயரமும் உள்ள ஒரு தார்க்கலவை உருளையைச் சூடான அறைக்குள் வைத்து, 0.1 நொடி பாரம், 0.9 நொடி ஓய்வு என்று 10,000 தடவை வரை தட்டிக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் மீளாமல் தங்குகிற சுருக்கத்தைக் கூட்டி வரைந்தால் ஒரு வளைகோடு வரும். முதலில் வேகமாக ஏறிப் போகப் போகத் தணியும். உள்ளே இருக்கும் காற்று இடைவெளிகள் மூடி, ஜல்லிகள் நெருங்கி உட்காருகிற கட்டம் அது. அடுத்து கிட்டத்தட்ட நேர்கோடாக நெடுநேரம் போகும். ஒரு கட்டத்துக்கு மேல் திடீரென்று நிமிரும். அதற்குப் பிறகு உருளை அடர்த்தியாவதில்லை, கன அளவு குறையாமலேயே பக்கவாட்டில் உப்புகிறது, ஜல்லிகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. சுருக்க வேகம் மிகக் குறைவாக இருந்து, ஏறத் தொடங்கும் அந்தத் தட்டின் எண்ணைத்தான் ஃப்ளோ நம்பர் என்கிறார்கள். சோதனை முடிந்து வெளியே எடுத்த உருளையைக் கையில் வாங்கிப் பாருங்கள். நடுவில் பெருத்து, பக்கங்களில் சாய்வாக விரிசல் ஓடியிருக்கும். இந்த மூன்று கட்டங்களில் எத்தனையைச் சொல்ல முடிகிறது என்பதுதான் எந்த மாடலுக்கும் நீங்கள் வைக்க வேண்டிய பரீட்சை.

பர்கர்ஸ் மாடலில் இரண்டு ஸ்பிரிங், இரண்டு டேஷ்பாட் (எண்ணெய்க்குள் மெல்ல நகரும் பிஸ்டன் மாதிரி), ஆக நான்கு எண்கள். உடனே மீள்வதை ஒரு ஸ்பிரிங் சொல்லும், மெல்ல மீள்வதை இன்னொரு ஸ்பிரிங்கும் டேஷ்பாட்டும் சேர்ந்து சொல்லும், மீளாததைச் சொல்ல மிஞ்சுவது தனியாகத் தொடரில் நிற்கும் ஒரே டேஷ்பாட். பாரம் இருக்கும்வரை அது ஒரே வேகத்தில் நகரும். ஆகவே ஒவ்வொரு தட்டுக்கும் ஒரே அளவு மீளாத சுருக்கம், வரைந்தால் நேர்கோடு. நடுக் கட்டத்துக்கு அது பரவாயில்லை, முதல் கட்டத்தின் தணிவையும் கடைசிக் கட்டத்தின் நிமிர்வையும் அதனால் தர முடியாது. பாடம் புரிந்துகொள்ள அருமையான மாடல், ரோட்டை முன்கூட்டிக் கணிக்கப் போதாது.

பவர் லா என்பது மீளாத சுருக்கம் தட்டுகளின் எண்ணிக்கையின் ஒரு படியாக ஏறும் என்பது. அமெரிக்க வடிவமைப்பு முறையில் தார் தளத்துக்கு இதைத்தான் வைத்திருக்கிறார்கள். நிரந்தரச் சுருக்கத்துக்கும் மீளும் சுருக்கத்துக்கும் உள்ள விகிதம், வெப்பநிலையின் 1.5606-ஆம் படியாகவும் தட்டுகளின் 0.4791-ஆம் படியாகவும் ஏறுகிறது என்பது அவர்கள் நாடு முழுவதுக்குமாகப் பொருத்திய எண்கள். அதாவது போக்குவரத்து பத்து மடங்கானால் தடம் மூன்று மடங்கு ஆகும். இதில் வெப்பநிலை ஃபாரன்ஹீட்டில் என்பதை மறந்துவிடாதீர்கள், செல்சியஸைப் போட்டால் விடை தடம்புரண்டு போகும். இன்னொன்று, 40 டிகிரி செல்சியஸிலிருந்து 60-க்குப் போனால் விகிதம் மட்டுமே 1.6 மடங்கு ஆகிறது. சூட்டில் கலவை இளகுவதால் மீளும் சுருக்கமும் தனியே கூடும், இரண்டையும் பெருக்க வேண்டும். நம் ஊர் ஜல்லிக்கும் நம் ஊர் வெயிலுக்கும் அந்த எண்கள் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, உள்ளூர்த் தரவில் திரும்பப் பொருத்தித்தான் பயன்படுத்த வேண்டும்.

க்ரீப் என்றால் பாரத்தின் கீழ் மெல்ல மெல்ல நகர்வது. அபாகஸில் உள்ள க்ரீப் விதியில் மூன்று எண்கள் வரும்: முன்னால் நிற்கும் ஒரு கெழு, அழுத்தத்தின் படி ஒன்று, நேரத்தின் படி ஒன்று. கடைசி எண் பூஜ்யத்துக்கும் கழித்தல் ஒன்றுக்கும் நடுவில் இருக்கும், அதனால் நேரம் ஆக ஆக க்ரீப் வேகம் தணியும். பலர் செய்வது என்னவென்றால், பத்து லட்சம் வண்டிகள், ஒவ்வொன்றும் 0.015 நொடி, ஆக மொத்தம் 15,000 நொடி ஒரே பாரம் என்று சேர்த்துப் போட்டு ஓட்டிவிடுவார்கள். கம்ப்யூட்டர் நேரம் மிச்சம்தான், ஆனால் வண்டிக்கும் வண்டிக்கும் நடுவே கிடைக்கிற ஓய்வு கணக்கிலிருந்து காணாமல் போய்விடுகிறது. ஓய்வு கிடைத்தால் ரோடு தேறிவிடும் என்று நமக்குத் தோன்றும், உண்மையில் தார்க்கலவை ஓய்வில் தன் இறுக்கத்தில் ஒரு பகுதியை இழக்கிறது. அடுத்த பாரம் வரும்போது மறுபடி கூடுதலாக அமுங்குகிறது. சோதனையில் இது பலமுறை தெரிந்த விஷயம். மாறுகிற பாரம் இருந்தால், கடந்த நேரத்தை மட்டும் பார்க்கும் டைம் ஹார்டனிங் வடிவத்தை விட்டு ஸ்ட்ரெய்ன் ஹார்டனிங் வடிவத்தை எடுங்கள், இதுவரை எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதை அது ஞாபகம் வைத்திருக்கும்.

மீளாத நகர்வு பாரத்தின் வேகத்தையும் பொறுத்தது என்று எடுத்துக்கொள்ளும் விஸ்கோபிளாஸ்டிக் மாடல்கள்தான் பொருளுக்கு உண்மையாக நடந்துகொள்கிறவை. எப்போது மீளாமல் நகரத் தொடங்கும் என்று 1952-ல் டிரக்கரும் பிராகரும் தந்த எல்லை விதி, எவ்வளவு வேகத்தில் நகரும் என்று 1960-களில் பெர்சினா தந்த வேக விதி, இவற்றின் மேல் கட்டியவை பல. பக்கவாட்டு நெருக்கம் கூடினால் கலவை உறுதியாகும் என்பதையும், வழுக்கும்போது கலவை உப்பும் என்பதையும் இவை சொல்லும். சென்னை ஐஐடியில் ஜே. முரளி கிருஷ்ணன், டெக்சாஸில் கே.ஆர். ராஜகோபால் இருவரும் சேர்ந்து செய்த வேலையைத் தேடிப் படியுங்கள். பாரத்தை இந்த நொடி எடுத்துவிட்டால் பொருள் எந்த வடிவத்துக்குத் திரும்பும் என்று கேட்டு, அந்தத் திரும்பும் வடிவமே காலத்தோடு மாறிக்கொண்டு போகிறது என்று எடுத்துக்கொள்ளும் பார்வை அது. தார் என்ன செய்கிறது என்பதை இவ்வளவு நேராகப் பிடிக்கிற யோசனைகள் அதிகம் இல்லை. ஆனால் இத்தகைய மாடல்களுக்கு எண்கள் பிடிக்க வெவ்வேறு பக்க அழுத்தத்தில், வெவ்வேறு சூட்டில், வெவ்வேறு வேகத்தில் டிரையாக்சியல் சோதனை (மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் அழுத்திப் பார்ப்பது) வேண்டும். ஒரு செமஸ்டரில் அதை அவசரமாகச் செய்தால், எண்களை எல்லாம் வேறு யாருடைய கட்டுரையிலிருந்தோ எடுத்துப் போட வேண்டி வரும். அவர்களுடைய ஜல்லி வேறு, தார் வேறு.

நீங்கள் செய்ய வேண்டியது என்று என்னைக் கேட்டால்: உள்ளூர் கிரஷர் ஜல்லி, ஒரே தரத் தார், மூன்று வெப்பநிலை. இரண்டு வெப்பநிலைத் தரவில் பவர் லாவைப் பொருத்துங்கள். மூன்றாவது வெப்பநிலையைத் தொடாமல் வைத்திருந்து, அதை மாடல் முன்கூட்டிச் சொல்கிறதா என்று பாருங்கள். சொல்லாமல் போனால் எங்கே விலகுகிறது என்று எழுதுங்கள், அதுவே நல்ல புராஜெக்ட். பொருத்திய தரவையே மறுபடி வரைந்து காட்டி மாடல் சரியாக இருக்கிறது என்று முடித்துவிடாதீர்கள். வண்ண வண்ணமான அபாகஸ் படங்களைவிட நீங்களே வார்த்து, நீங்களே சோதித்த ஒன்பது உருளைகளின் வளைகோடுகளுக்கு மதிப்பு அதிகம்.

கேள்வி: நான் சாலைப் பணியில் இருக்கும் பொறியாளர். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் வடிவமைப்பு வழிகாட்டியான ஐஆர்சி 37-படிதான் கனம் போடுகிறோம். அந்தக் கணக்குக்கான ஐஐடிபேவ் மென்பொருளில் ரட்டிங் பாதுகாப்பானது என்றே வருகிறது. ஆனால் சில இடங்களில் இரண்டு மூன்று கோடையிலேயே தடம் விழுகிறது. கணக்கு பொய்யா?
– பொறியாளர், ஆற்காடு

பதில்: கணக்கு பொய் இல்லை, அது வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது. இதை எத்தனை தடவை எழுதினாலும் தகும் என்று நினைக்கிறேன். 2018-ஆம் ஆண்டு ஐஆர்சி 37-ல் இருக்கும் ரட்டிங் சமன்பாடு அடிமண்ணின் உச்சியில் வரும் செங்குத்துச் சுருக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. சராசரித் தடம் 20 மில்லிமீட்டர் ஆனால் ரோடு ஓய்ந்தது என்று வைத்து, அதற்குள் எத்தனை நிலை அச்சுகள் (எல்லா வண்டிகளையும் ஒரே நிலையான அச்சு எடைக்கு மாற்றிய கணக்கு) ஓடலாம் என்று சொல்கிறது. 90 சதவீத நம்பகத்தன்மைக்கு, அடிமண் சுருக்கம் 400 மைக்ரோஸ்ட்ரெய்ன் (பத்து லட்சத்தில் 400 பங்கு) என்றால் சுமார் 3 கோடியே 60 லட்சம் அச்சுகள். சுருக்கத்தின் படி 4.5337 என்பதால், அது 440 ஆகிவிட்டால் சுமார் 2 கோடியே 30 லட்சமாக விழுந்துவிடும். அடிமண்ணைக் காக்க இது நல்ல சமன்பாடு, ஏரிப் பக்கத்துக் களிமண்ணில் ரோடு போடுகிறவர்களுக்கு இது இல்லாமல் ஆகாது.

ஆனால் நீங்கள் பார்க்கிற தடம் பிறப்பது பெரும்பாலும் மேலே உள்ள தார் அடுக்குகளுக்குள், டயர் ஓரத்துக்குக் கீழே சில சென்டிமீட்டர் ஆழத்தில். அதற்கு ஐஆர்சி 37 சமன்பாடு எதையும் தரவில்லை. அதிகப் போக்குவரத்துக்கு விஜி 40 என்ற கெட்டித் தார் அல்லது பாலிமர் போன்றவை சேர்த்த மாடிஃபைடு பிட்டுமன் போடு, கலவையைச் சரியாக வடிவமை என்று சொல்லி அதைப் பொருளின் பக்கம் விட்டிருக்கிறது. அதாவது ஐஐடிபேவ் பச்சை விளக்கு காட்டும்போது தார் தளத்தின் தடத்தை யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. அந்தப் பொறுப்பு முழுக்க ஹாட் மிக்ஸ் பிளான்டிலும் ரோலரிலும் போய் நிற்கிறது.

அங்கேதான் கோட்டை விடுகிறோம். மார்ஷல் என்ற கலவை வடிவமைப்பு முறையில் காற்று இடைவெளி 3 முதல் 5 சதவீதம் என்று வைக்கிறோம். களத்தில் ரோலர் ஓட்டி முடித்தபோது 8 சதவீதம் மிஞ்சியிருந்தால், அதை 4-க்குக் கொண்டுவரும் வேலையை லாரிகள் செய்யும். 50 மில்லிமீட்டர் தளத்தில் அதுவே 2 மில்லிமீட்டர் தடம். இது முதல் கோடையோடு நின்றுவிடும், இதற்குப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது எதிர்ப்பக்கம். பிளான்டில் தார் அரை சதவீதம் கூடுதலாக விழுந்தோ, கிரஷர் டஸ்ட் அதிகமாகியோ, லாரிகள் அமுக்க அமுக்க இடைவெளி 3-க்கும் 2-க்கும் கீழே போய்விட்டால், சூட்டில் விரியும் தாருக்குப் போக இடம் இல்லை. ஜல்லிகளைத் தள்ளிக்கொண்டு அது ஓட ஆரம்பிக்கும். நான் மேலே மாணவிக்குச் சொன்ன மூன்றாம் கட்டம் அதுதான். அதன் பிறகு அந்தத் தளம் தேறாது.

தடம் எங்கே பிறந்தது என்று தெரிய, குறுக்குவெட்டு உருவத்தைப் பாருங்கள். அகலமாக, ஆழம் குறைவாக, ஓரத்தில் மேடு இல்லாமல் சரிந்திருந்தால் அடிமண்ணையோ கீழ் அடுக்குகளையோ சந்தேகப்படுங்கள். டயர் அகலத்துக்கு ஒடுங்கி, இரண்டு பக்கமும் தார் பிதுங்கி மேடு கட்டியிருந்தால் மேல் அடுக்குதான். உறுதி வேண்டுமானால் தடத்தின் உள்ளே ஒன்று, மேட்டில் ஒன்று, நடுவில் ஒன்று என்று கோர் (உருளைத் துண்டு) வெட்டி, அடுக்குகளின் கனத்தையும் இடைவெளியையும் ஒப்பிடுங்கள். மேல் அடுக்கு ஓடியிருந்தால் அதன் மேலேயே இன்னொரு கோட் போடுவது வீண் செலவு. கெட்டுப்போன கலவை உள்ளே அப்படியே இருந்து அடுத்த மே மாதம் மறுபடி ஓடும். சுரண்டி எடுத்துவிட்டுப் போடுங்கள், வாசல்படி ரோட்டுக்குக் கீழே போகிற தொல்லையும் அதனாலேயே தீரும்.

பெரிய வேலை என்றால் கலவையை ஒப்புக்கொள்ளும் முன் வீல் டிராக்கிங் சோதனை கேளுங்கள். ஹாம்பர்க் முறையில் 50 டிகிரித் தண்ணீருக்குள் கலவைப் பலகையை வைத்து 705 நியூட்டன் பாரமுள்ள இரும்புச் சக்கரத்தை 20,000 தடவை ஓட்டுவார்கள், நிமிடத்துக்கு 52 என்றால் ஆறரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். டெக்சாஸில் 12.5 மில்லிமீட்டருக்கு மேல் தடம் விழுந்தால் அந்தக் கலவையைத் தள்ளிவிடுகிறார்கள். இரண்டு வருடம் கழித்து மக்கள் திட்டித் தெரிந்துகொள்வதை ஒரே நாளில் தெரிந்துகொள்ளலாம்.

கேள்வி: பிளாஸ்டிக் கலந்து ரோடு போட்டால் இந்தத் தடம் விழாது என்கிறார்களே, உண்மையா?
– ஷூ கம்பெனி ஊழியர், ஆம்பூர்

பதில்: பயன் உண்டு, மந்திரம் இல்லை. மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் கொண்டுவந்த முறை இது, 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சூடான ஜல்லியின் மேல் துண்டாக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால் அது உருகி ஜல்லியைப் போர்த்திக்கொள்ளும், அப்புறம்தான் தார் சேரும். தாரின் எடையில் 6 முதல் 8 சதவீதம் வரை பிளாஸ்டிக் போடலாம் என்று 2013-ல் வந்த ஐஆர்சி வழிகாட்டி சொல்கிறது, பிவிசி மட்டும் கூடவே கூடாது. இப்படிச் செய்த கலவை சூட்டில் கொஞ்சம் விறைப்பாக நிற்கும், தண்ணீருக்கும் நன்றாகத் தாக்குப்பிடிக்கும். ஆனால் மேலே சொன்ன இடைவெளிக் கணக்கு கெட்டிருந்தால் பிளாஸ்டிக் வந்து காப்பாற்றாது.

கேள்வி: எங்கள் தெருவில் பைப் புதைத்துவிட்டுத் தார் போட்டார்கள். நடுவில் நீளமாக இறங்கிவிட்டது. இதுவும் நீங்கள் சொல்லும் ரட்டிங்தானா? தெருவில் லாரியே வராது.
– குடும்பத் தலைவி, தொரப்பாடி

பதில்: இல்லை அம்மா. பைப் போன கோட்டிலேயே இறங்கியிருக்கிறது, லாரியும் வராது என்றால், பள்ளத்தை மூடும்போது மண்ணை அடுக்கடுக்காகத் தண்ணீர் விட்டு இடிக்காமல் விட்டிருக்கிறார்கள். மழையில் மண் உட்கார்ந்துவிட்டது. மேலே தார் ஊற்றி நிரப்பினால் மறுபடி இறங்கும். அந்தக் கோட்டைத் திறந்து, மண்ணை இடித்து, பிறகு போடச் சொல்லி மனு கொடுங்கள். மனுவில் "ரோடு பழுது" என்று எழுதாமல் "பைப் பள்ளம் சரியாக மூடப்படவில்லை" என்றே எழுதுங்கள், அப்போதுதான் சரியான ஆளிடம் போகும்.

கேள்வி: அரசுப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. பிள்ளைகளை வைத்து எங்கள் ஊர் ரோட்டுத் தடத்தை வருடம் முழுக்க அளக்கலாம் என்று இருக்கிறேன். விலை உயர்ந்த கருவி வேண்டுமா?
– ஆசிரியை, வாணியம்பாடி

பதில்: இந்தக் கடிதம் எனக்கு அவ்வளவு சந்தோஷம் தந்தது டீச்சர். கருவி ஒன்றும் வேண்டாம். அலுமினியம் ஜன்னல் செய்கிற கடையில் வளையாத சதுரக் குழாய் 3 மீட்டர் வாங்குங்கள். ரோட்டுக்குக் குறுக்கே வைத்து, தடத்தின் மிக ஆழமான இடத்தில் இரும்பு ஸ்கேலை நிறுத்தி, குழாயின் அடிவிளிம்புவரை மில்லிமீட்டரில் படியுங்கள். நெடுஞ்சாலை பக்கமே போகாதீர்கள், பள்ளிக்குப் பக்கத்தில் பஸ் போகிற உள்ளூர் ரோடு போதும். பஸ் நிறுத்தத்தில் ஓர் இடம், வண்டி வேகமாக ஓடும் பகுதியில் ஓர் இடம், இரண்டையும் ஓரத்துக் கல்லில் பெயின்ட் அடித்துக் குறித்து வையுங்கள், ஒவ்வொரு மாதமும் அதே இடத்தில்தான் அளக்க வேண்டும். சமையலறை தெர்மாமீட்டர் கிடைத்தால் மதியம் 2 மணிக்கு ரோட்டு ஓரத்துத் தாரின் சூட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் கோடு ஏறக்குறைய படுத்துக் கிடக்கும், ஏப்ரலில் ஏற ஆரம்பிக்கும், இரண்டு இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளைகளே பிடித்துவிடுவார்கள். அளக்கப் போவது ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்காக இருக்கட்டும், பெரியவர்கள் இரண்டு பேர் இரண்டு பக்கமும் சிவப்புக் கொடியோடு நிற்கட்டும், போகும் முன் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வருட முடிவில் அந்த வரைபடத்தை இந்தப் பக்கத்துக்கு அனுப்பிவையுங்கள், பிள்ளைகள் பெயரோடு போடுகிறேன்.